இரும்புக்கைக்கு ஒரு கையேடு



இரும்புக்கை மாயாவி காமிக்ஸைப் படித்து வளர்ந்த நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். "மாயாவிக்கு ஒரு குண்டு புக் போடச் சொல்லணும்பா." சென்னைப் புத்தகக் காட்சியில் ஸ்டால் வாசலிலும் இதே பேச்சு, காஞ்சிபுரத்தில் வந்தவாசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் இதே பேச்சு. கெட்டி அட்டை, ஆர்ட் பேப்பர், முடிந்தால் வண்ணம், பத்துக் கதை ஒரே தொகுப்பில். வந்தால் நானும் வாங்குவேன். ஆனால் சிவகாசி முத்து காமிக்ஸுக்கு நீங்கள் எழுதப்போகும் அடுத்த கடிதத்தில் அதைக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். நாம் கேட்க வேண்டிய புத்தகம் வேறு. படம் குறைவாக, பட்டியல் நிறைய, பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றாத ஒரு புத்தகம். மாயாவி பற்றிய முழு விவரக் கையேடு, பதிப்பகத்தாரின் முத்திரையோடு.

கதைகள் நம்மிடம் இருக்கின்றன. பழைய இதழாகவோ மறுபதிப்பாகவோ, 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'பாதாள நகரம்' எல்லாம் யாராவது ஒருவர் வீட்டு பீரோவில் கிடைத்துவிடும். கிடைக்காதது அவற்றைப் பற்றிய சேதி. 'பாம்புத் தீவு' இங்கிலாந்தில் முதலில் எந்த ஆண்டு வந்தது? 'உறைபனி மர்மம்' அங்கே வாராவாரம் வந்த தொடரா, தனிப் புத்தகமாக வந்ததா? தமிழுக்கு வரும்போது எத்தனை பக்கம் கழிந்தது? அட்டையை வரைந்தவர் யார், வசனத்தைத் தமிழாக்கியவர் யார்? இதற்கெல்லாம் சட்டென்று பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அந்த ஐந்தாறு பேரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள் என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இளையவர்களுக்காக, நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1962 அக்டோபர் 6-ஆம் தேதி லண்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. 'தி ஸ்டீல் க்ளா' அதில் வந்த சித்திரத் தொடர். நாயகன் லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளன். வலது கையை விபத்தில் இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி வெடித்து உயர் அழுத்த மின்சாரம் பாய, ஆள் மறைந்து கை மட்டும் மிதக்கிறது. (சட்டையும் பேண்டும் சேர்ந்து எப்படி மறைகின்றன என்று கடைசிவரை யாரும் விளக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.) ஆரம்பத்தில் அவன் நல்லவனும் இல்லை. கிடைத்த சக்தியை வைத்துக்கொண்டு திருட்டிலும் மிரட்டலிலும் இறங்கியவன். நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஏஜெண்டாகி நம் மனதில் நின்ற மாயாவி பிற்பாடு வந்தவர். எழுத்து முதலில் கென் பல்மர், அவர் அறிவியல் புனைகதை நாவலாசிரியர். பிறகு டாம் டல்லி. சித்திரம் பார்சிலோனாக்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ.

1970 அக்டோபரில் தொடர் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் வழக்கம் அப்படி. பிடித்த கதை எது என்று வாசகர்களையே எழுதச் சொல்வார்கள், மதிப்பு இறங்கிய தொடரைத் தயவில்லாமல் எடுத்துவிடுவார்கள். விற்பனை இறங்கிய இதழை இன்னொரு இதழோடு இணைத்துவிடுவார்கள். மாயாவி இடையில் திரும்பி வந்தும் நிலைக்கவில்லை. 1976-இல் 'வேலியண்ட்' இதழே 'பேட்டில்' இதழுக்குள் கரைந்துபோயிற்று.

இப்போது நம் பக்கக் கணக்கைப் பாருங்கள். சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது 1972-இல். சொந்த ஊரில் வேலை போன பிறகு வந்து நம்மிடம் சேர்ந்த ஆள் அவர். அங்கே மறந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் இங்கே, மின்சாரமே புதிதாக வந்த கிராமங்களில், ப்ளக் பாயிண்டுக்குள் விரல் விட்டு மறையும் ஒரு மனிதரைப் பையன்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். எத்தனை அம்மாக்கள் சுவிட்ச் போர்டுப் பக்கம் போகாதே என்று கத்தியிருப்பார்களோ. தமிழில் அறிவியல் கதை என்றதும் எல்லோரும் சுஜாதாவைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் எண்பதுகளில் விகடனில் 'என் இனிய இயந்திரா' வந்தபோது அதைக் கையில் எடுத்த பல பேருக்குக் கண்ணுக்குத் தெரியாத மனிதனும் கடலடி நகரமும் உலகை அழிக்கும் கதிர்களும் ஏற்கெனவே பழகியிருந்தன. பழக்கியவர் மாயாவி. இலக்கிய வரலாற்றில் இதை யாரும் எழுதவில்லை, எழுதப்போவதாகவும் தெரியவில்லை.

பிளாஸ்கோ விஷயத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'வேலியண்ட்' போன்ற இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ அச்சாகாது. அதுதான் அன்றைய நடைமுறை. 1977-இல் தொடங்கிய '2000 ஏடி' இதழ்தான் பெயர் போடும் பழக்கத்தை அங்கே நிலைநிறுத்தியது. ஆகவே நாம் சின்ன வயதில் பார்த்துப் பார்த்துச் சிலேட்டில் வரைந்த அந்தக் கறுப்பு நிழல்களும், கிராண்டேலின் ஒடுங்கிய கன்னமும், மேஜை விளிம்பைப் பற்றி நிற்கும் கையின் இரும்பு மூட்டுகளும் யாருடைய தூரிகை என்று தெரியாமலே வளர்ந்தோம். அவர் 1995-இல் இறந்துபோனார். கென் பல்மர் 2005-இல். பார்சிலோனாவில் பிளாஸ்கோவோடு சேர்ந்து வேலை செய்த தம்பிமாரும் தங்கையும் எந்தப் பக்கத்தில் எவ்வளவு வரைந்தார்கள் என்பதை இனி அவரிடம் கேட்க வழியில்லை. கேட்டிருக்க வேண்டிய காலத்தில் யாரும் கேட்கவில்லை.

இதே கதைதான் நம் பக்கமும் நடந்துகொண்டிருக்கிறது. என்னிடமுள்ள பழைய மாயாவி இதழ்களில் மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. அட்டை ஓவியர் பெயர் இல்லை. முல்லை தங்கராசன் ஆரம்ப காலத்தில் முத்து காமிக்ஸின் ஆசிரியராக இருந்தார் என்பது தெரியும். எந்த இதழ் முதல் எந்த இதழ் வரை என்பது ஓரிடத்தில் அச்சாகி இருக்க வேண்டாமா? 'ஷேடோ ஸ்குவாட்' என்பதை 'நிழற்படை' ஆக்கியவர் யார்? அந்த ஒரு சொல்லுக்கே நான் அவருக்கு மாலை போடுவேன். காலண்டர் ஓவியங்களுக்குப் பேர்போன சிவகாசியில், அதே ஊர்க் கைகள் வரைந்தவை நம் பழைய அட்டைகள். ஆங்கில மூலத்தில் அப்படி ஒரு படமே இருக்காது. அது முழுக்க நம் சரக்கு. லண்டனில் எத்தனை ஆராய்ச்சி செய்தாலும் அது அங்கே கிடைக்காது.

அதனால்தான் வெளிநாட்டுக்காரர்களின் தொகுப்பு வருவதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்கிறேன். இந்தப் பழைய ஆங்கிலக் கதைகளின் உரிமை பல கை மாறி, இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. ஜட்ஜ் ட்ரெட் கதைகளை வெளியிடும் அதே நிறுவனம். 1970-க்குப் பிந்தைய சரக்கை 2016-இலும் அதற்கு முந்தையதை 2018-இலும் வாங்கினார்கள், நல்ல தாளில் மறுபதிப்புகளும் போடுகிறார்கள். அதற்கு முன்பே 2005-இல் டைட்டன் நிறுவனம் ஆரம்பக் கதைகளைத் தொகுத்தது. அதே ஆண்டு ஆலன் மூர் கதை அமைத்த 'ஆல்பியன்' தொடரில் மாயாவியும் பழைய சகாக்களும் வந்து போனார்கள். எல்லாம் சந்தோஷம். ஆனால் அந்தப் புத்தகங்களின் முன்னுரையில் சிவகாசிக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் பெரிய விஷயம். முத்து காமிக்ஸ் ஐம்பது ஆண்டு கண்ட கதையை அவர்கள் எழுதப்போவதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

வாசகர்கள் கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் 1966-இல் தொடங்கி மூன்று பருவங்களோடு 1969-இல் நிறுத்தப்பட்டது. மூன்றாவது பருவமே ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதியதால் வந்தது. அந்தக் கடிதப் போரை முன்நின்று நடத்திய பீஜோ டிரிம்பிள் என்ற அம்மையார், தொடர் முடிந்த அதே 1969-இல், டோரதி ஜோன்ஸ் என்பவர் துண்டு அட்டைகளில் குறித்து வைத்திருந்த விவரங்களைக் கொண்டு ஒரு சொல்லடைவை வெளியிட்டார். எந்தக் கதையில் எந்தக் கிரகம், எந்தப் பாத்திரத்தில் யார் நடித்தார்கள், எந்தக் கருவி எங்கே முதலில் வந்தது என்று அகரவரிசையில். ரசிகர்கள் கைக்காசில் அச்சான அந்தப் புத்தகத்தை 1976-இல் பேலன்டைன் என்ற பெரிய பதிப்பகம் முறைப்படி வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, ஃபிரான்ஸ் ஜோசப் என்ற வரைபடக் கலைஞர் அந்த விண்கலங்களின் தொழில்நுட்பக் கையேட்டை வரைந்து, அதுவும் சக்கைப்போடு போட்டது. 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படமாகத் திரும்பி வந்தது 1979-இல்தான். நடுவில் அசல் தொடர் இல்லாத பத்தாண்டுகளில் கதையை உயிரோடு வைத்திருந்தவற்றில் இந்தப் பட்டியல் புத்தகங்களும் உண்டு. 'ஃபயர்ஃப்ளை' தொடர் இன்னும் பாவம். 2002-இல் ஒரே பருவத்தில் கழுத்து நெரிக்கப்பட்டது. அதற்கும் சில ஆண்டுகளில் முறையான துணைநூல்கள் வந்துவிட்டன.

நாமே தொகுத்து நாமே அச்சடித்துவிட்டால் என்ன, பதிப்பகம் எதற்கு என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். வேகம் புரிகிறது. ஆனால் 2008-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் 'ஹாரி பாட்டர் லெக்சிகன்' பட்ட பாட்டை ஞாபகத்தில் வையுங்கள். ஒரு ரசிகர் உழைத்துத் தொகுத்த அகராதி. இப்படிப்பட்ட துணைநூல்களால் பயன் உண்டு, அதை எழுதும் உரிமை மூல எழுத்தாளருக்கு மட்டும் உரியதல்ல என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் மூலத்திலிருந்து வரிகளை அளவுக்கு மீறி எடுத்திருக்கிறது என்று அச்சிடத் தடை விதித்தார். வெட்டித் திருத்தி மறு ஆண்டு வெளியிட வேண்டியிருந்தது. தேதியும் எண்ணும் தலைப்பும் யாருக்கும் சொந்தமில்லை, பட்டியல் போட யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. படம் போட வேண்டுமென்றால் அனுமதி வேண்டும். அட்டைப் படங்கள் இல்லாத மாயாவி கையேட்டை யார் வாங்குவார்கள்? தவிரவும் பழைய அச்சகக் கணக்கு, உரிமை வாங்கிய கடிதங்கள், இதழ் தாமதமான காரணம் எல்லாம் பதிப்பகத்தார் கையிலும் நினைவிலும்தான் இருக்கும். முத்து காமிக்ஸ் ஆசிரியர் விஜயன் 'சிங்கத்தின் சிறுவயதில்' பகுதியில் எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு அந்த நினைவில் எவ்வளவு சரக்கு உண்டு என்று தெரியும். ஆனால் அது இதழுக்கு இதழ் சிதறிக் கிடக்கிறது.

இனி நம் சேகரிப்பாளர்கள் பக்கம். எங்கள் ஊரான பெருநகர் அடங்கிய தாலுகாவின் தலைமையிடமான உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் வாரியத்தில் சேர முடியாது என்பதை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் வரக் கூடாது. நம் சேகரிப்பாளர் உலகத்துக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் கூட்டம் பாதியாகிவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் பத்து இதழ்களை வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டிவிட்டு, "இருக்கு, ஆனா காட்ட முடியாது" என்பதை நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். விற்க வேண்டாம், இரவல் தர வேண்டாம், ஸ்கேன் எடுத்து ஊரெல்லாம் சுற்றுக்கு விடவும் வேண்டாம். கடைசியில் சொன்னது பதிப்பகத்தின் வயிற்றில் அடிப்பது. நான் கேட்பது ஒரு தாளில் எழுதக்கூடிய விவரம்.

அந்த விவரம் எங்கே இருக்கிறது தெரியுமா? கதைக்கு வெளியே. என் கையில் இப்போது ஒரு பழைய மாயாவி இதழ் இருக்கிறது. முன்னட்டை பாதி போய்விட்டது. உள்பக்கத்தில் ஒரு வாடகை நூலகத்தின் நீல ரப்பர் ஸ்டாம்ப், அதன்மேல் யாரோ ஒரு பையன் பேனாவால் எழுதிய பெயர், பக்கத்தில் இன்னொருவன் அதை அடித்துத் தன் பெயரை எழுதியிருக்கிறான். ஸ்டேப்ளர் பின் துருவேறித் தாளைத் தின்றிருக்கிறது. மாதம் எங்கும் அச்சாகவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் 'அடுத்த வெளியீடு' என்று ஒரு விளம்பரம் இருக்கிறது. அந்த விளம்பரம் ஒன்றுதான் இந்த இதழ் எதற்கு முன்னால் வந்தது என்று சொல்லும் சாட்சி. மறுபதிப்பில் கதை அப்படியே வரும், இந்தப் பக்கம் வராது. வாசகர் கடிதம் வராது. ஆசிரியர் குறிப்பு வராது. குண்டு புக் எத்தனை கெட்டி அட்டை போட்டு வந்தாலும் இவை அதில் இருக்காது. குண்டு புக் வேண்டாம், கையேடு கேளுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கதைக்குள்ளேயும் தடயம் உண்டு. வாரத்தொடராக வந்த கதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி தேவையில்லாமல் ஓர் ஆபத்தில் மாட்டுவார், அடுத்த கட்டத்தில் சுலபமாகத் தப்பிப்பார். அங்கேதான் அந்த வாரத்து லண்டன் இதழ் முடிந்திருக்கும். அப்படித் தூக்கிப் போடாமல் சீராக ஓடும் கதைகள் பெரும்பாலும் ஃப்ளீட்வே நிறுவனம் அறுபதுகளின் பிற்பாதியில் தனிப் புத்தகங்களாகப் போட்ட வரிசைகளிலிருந்து வந்தவை. முத்து காமிக்ஸின் மும்மூர்த்தி நாயகர்களில் இன்னொருவரான ஜானி நீரோவும் அப்படிப்பட்ட தனிப் புத்தகங்களில் வந்தவர்தான். இப்படி ஒவ்வொரு கதைக்கும் மூலம் எது என்று கட்டம் கட்டமாக ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். பெரிய பக்கத்துக் கட்டங்களை வெட்டி நம் பாக்கெட் அளவுக்கு ஒட்டியபோது எங்கே என்ன கழிந்தது என்பதும் அப்போதுதான் தெரியும். இந்த வேலைக்கு ஆங்கிலம் தெரிந்த, பொறுமையுள்ள பிள்ளைகள் நாலு பேர் வேண்டும். காஞ்சிபுரம், செய்யாறுப் பக்கம் கல்லூரியில் படிக்கிறவர்கள் யாராவது இதையே ஆய்வாக எடுத்தால் இன்னும் நல்லது. சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த பழைய தாள்களிலிருந்து எழுந்த நூலகம் அது, சினிமா நோட்டீஸைக்கூடத் தூக்கிப் போடாத இடம். அங்கே போய்க் காமிக்ஸ் வரிசை எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வர ஒருவர் முன்வர வேண்டும். கன்னிமாரா நூலகத்துக்கும் அதேபோல் ஒருவர்.

பதிப்பகத்துக்கு ஒரு வார்த்தை. இது லாபம் தரும் புத்தகம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சந்தாதாரர்களுக்கு மட்டும், முன்பதிவு எண்ணிக்கைக்கு ஏற்ப, சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையாகப் போட்டால் போதும். அட்டைப் படங்களுக்கு மட்டும் பதினாறு பக்கம் வண்ணம். பிழை இருந்தால் அடுத்த மாத இதழில் திருத்தம் போடலாம். ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி போன்ற மற்ற காமிக்ஸ் நாயகர்களுக்கும் இதேபோல் கேட்டு ஒரு கூட்டம் வரும், வரட்டும். முதல் இதழின் நாயகர் என்பதால் மாயாவியிலிருந்து தொடங்குவோம் என்கிறேன், அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்ச் செய்யாற்றில் சுற்றுவட்டாரத்து ஊர்ச் சாமிகள் எல்லாம் வந்து கூடும். கூட்டமும் கடைகளும் விடியவிடிய இருக்கும். காஞ்சிபுரம், வந்தவாசி, உத்திரமேரூர், மானாம்பதிப் பக்கத்து வாசகர்கள் சாமி பார்க்க வரும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்து வந்தால் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதழ்களைத் தூக்கி வர வேண்டாம், ஆற்று மணலும் பனியும் அந்தத் தாளுக்கு ஆகாது. வீட்டிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்: இதழ் எண், விலை, மாதம் இருந்தால் மாதம், அடுத்த வெளியீடு என்ன என்று போட்டிருக்கிறது, ஆசிரியர் குறிப்பில் என்ன சேதி, அட்டையில் ஓவியர் கையெழுத்து ஏதாவது மூலையில் தெரிகிறதா. கையெழுத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பக்கத்தை விரிக்கிறேன் என்று துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிவிடாதீர்கள், தாள் அதோடு வந்துவிடும்.

அன்புடன்,
பெருநகர் வாசகன்